ஊர் சுற்றினால் உள்ளம் தெரியுமா?

வீட்டில் மனஸ்தாபம் முற்றினால், "எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காசிக்குப் போய்விடுகிறேன்" என்று சொல்லும் பெரியவர் ஒருவராவது எல்லாக் குடும்பங்களிலும் இருந்திருப்பார். சிலர் உண்மையிலேயே போயும் இருக்கிறார்கள். கோபத்தில் வரும் பேச்சுதான் என்றாலும் அதற்குள் மிகப் பழைய நம்பிக்கை ஒன்று இருக்கிறது. இருக்கிற இடத்தை விட்டு நகர்ந்தால் மனம் தெளியும், தான் யார் என்பது பிடிபடும் என்ற நம்பிக்கை அது. புத்தர் வீட்டை விட்டுப் போனார். பட்டினத்தார் போனார். இன்று வேலையை ராஜினாமா செய்துவிட்டு மோட்டார் சைக்கிளில் லடாக் கிளம்பும் இளைஞரும் ஏறக்குறைய அதே நம்பிக்கையோடுதான் போகிறார்.

தேடப்படுவது உள்ளே இருக்கிறது என்றால் வெளியே ஏன் அலைய வேண்டும்? வெளியே அலைந்து தெளிவு வருகிறது என்றால், அதைக் கொடுப்பது எது? சாலையா, தனிமையா, வழியில் எதிர்ப்படும் மனிதர்களா? நம்முடைய துறவு மரபு இந்தக் கேள்விகளை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. அதற்குத் தொடர்பே இல்லாத அமெரிக்க மண்ணில், 1978-ல், ஒரு மனிதர் தன் வாழ்க்கையையே பணயமாக வைத்து இதே கேள்விகளைக் கேட்டார்.

அவர் பெயர் வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூன். மிசௌரி மாநிலத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்தார். ஓசேஜ் பழங்குடி வம்சாவளி குடும்பத்தில் உண்டு என்பதால் அந்தப் பெயர். தந்தை ஹீட்-மூன், அண்ணன் லிட்டில் ஹீட்-மூன், கடைசிப் பிள்ளையான இவர் லீஸ்ட் ஹீட்-மூன். அந்த ஆண்டு பிப்ரவரியில், மாணவர் சேர்க்கை குறைந்துவிட்டதால் வேலை இல்லை என்று கல்லூரி சொல்லிவிட்டது. மனைவி ஏற்கெனவே பிரிந்து வாழ்ந்துகொண்டிருந்தார். ஹீட்-மூனுக்கு அப்போது வயது 38.

வசந்தம் தொடங்கும் மார்ச் மாதத்தில் ஒரு ஃபோர்டு வேனில் படுக்கை, அடுப்பு, உறங்கும் பை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கையில் 26 டாலர் ரொக்கம், பெட்ரோல் போட 4 கிரெடிட் கார்டுகள். மிச்சமிருந்த சேமிப்பு 428 டாலரை டாஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். துணைக்கு இரண்டு புத்தகங்கள்: வால்ட் விட்மனின் கவிதைத் தொகுப்பு ஒன்று, லகோட்டா பழங்குடியின் ஞானி பிளாக் எல்க் சொல்லி எழுதப்பட்ட வாழ்க்கைக் கதை மற்றொன்று. சுமார் 3 மாதங்களில் ஏறத்தாழ 13,000 மைல் ஓட்டி, நாட்டை ஒரு பெரிய வட்டமாகச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். பிறகு 4 ஆண்டுகள் உட்கார்ந்து அதை எழுதினார். 'புளூ ஹைவேஸ்' என்ற அந்தப் புத்தகம் 1982-ன் கடைசியில் வெளிவந்து பல மாதங்கள் அதிகம் விற்கும் புத்தகங்களின் பட்டியலில் இருந்தது.

வேனுக்கு அவர் வைத்த பெயர் 'கோஸ்ட் டான்சிங்'. 1890 வாக்கில் அமெரிக்கப் பழங்குடிகளிடையே பரவிய ஒரு சடங்கு நடனத்தின் பெயர் அது. ஆடினால் இறந்தவர்கள் திரும்புவார்கள், அழிந்த காட்டெருமைகள் திரும்பும், பழைய வாழ்வு மீண்டும் வரும் என்று நம்பி அவர்கள் ஆடினார்கள். 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ என்ற இடத்தில் ராணுவம் நடத்திய படுகொலையோடு அந்த நம்பிக்கையும் நொறுங்கியது. இழந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்ற ஏக்கத்தில்தான் தானும் கிளம்புகிறோம் என்று ஹீட்-மூனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே அந்தப் பெயரை வைத்தார்.

அவர் தனக்கு விதித்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: கூடியவரை பெரிய நெடுஞ்சாலையில் ஏறுவதில்லை. பழைய அமெரிக்க வரைபடங்களில் முக்கியச் சாலைகள் சிவப்பிலும் ஊர்ப்புறச் சாலைகள் நீலத்திலும் இருக்கும். அந்த நீலக் கோடுகளைப் பிடித்துக்கொண்டே போனார். 1956-ல் வந்த சட்டம் 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளை அமைக்க வழி செய்தது. அவை ஊர்களைத் தொடாமல் போயின. சாலையோரத்துச் சாப்பாட்டுக் கடை, பெட்ரோல் நிலையம், சின்ன விடுதி என்று பிழைத்த ஊர்கள் ஒவ்வொன்றாக அடங்கத் தொடங்கின. தங்க நாற்கரச் சாலை வந்த பிறகு புறவழிச்சாலையால் வெறிச்சோடிப் போன கடைத்தெருக்களைப் பார்த்த தமிழ் வாசகருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

பெரிய சாலையில் யாரையும் எதுவும் கேட்காமல் நாள் முழுக்க ஓட்டலாம். சின்னச் சாலையில் அது நடக்காது. வழி கேட்க வேண்டும், சாப்பாட்டுக்கு நிறுத்த வேண்டும், பஞ்சர் ஆனால் யாராவது கைகொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் முன்பின் தெரியாத ஒருவரின் தயவு தேவைப்படுகிறது. பிச்சை ஏற்கும் துறவிக்கு விதிக்கப்பட்ட நிலை கிட்டத்தட்ட இதுதான்.

நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிக்க அவர் வைத்திருந்த வழி, அவருடைய பார்வை எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் காட்டும். சுவரில் எத்தனை காலண்டர் தொங்குகிறது என்று எண்ணுவார். ஒன்றுமே இல்லையென்றால் நெடுஞ்சாலைக் கடை போலத்தான் இருக்கும். எண்ணிக்கை கூடக்கூட ருசியும் கூடும். காலண்டர் என்பது உள்ளூர் வங்கியும் உரக்கடையும் காப்பீட்டு முகவரும் கொண்டுவந்து மாட்டுவது. சுவர் நிறையக் காலண்டர் என்றால், ஊரே அங்கே வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று அர்த்தம். ஒரு கடைச் சுவரைப் பார்த்து அந்த ஊரின் உறவுகளைப் படிக்கத் தெரிந்திருந்தது அவருக்கு.

டென்னசி மாநிலத்தில் 'நேம்லெஸ்', அதாவது 'பெயரில்லாத' என்று ஒரு சிற்றூர். வரைபடத்தில் பெயரைப் பார்த்துவிட்டு அதற்காகவே தேடிப் போனார். என்ன பெயர் வைப்பது என்று ஊர்க்காரர்களால் முடிவு செய்ய முடியவில்லை, பெயரில்லாததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள் என்று கதை சொன்னார்கள். அங்கே பழைய பலசரக்குக் கடை ஒன்றை நடத்திவந்த வயதான தம்பதி, யார் எவர் என்று தெரியாத இந்த மனிதரை வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பிட உட்கார வைத்தார்கள். கடை நொடித்துக்கொண்டிருந்தது. விருந்தோம்பல் குறையவில்லை. ஹீட்-மூன் தன் சோகத்தைப் பற்றி எழுதிய பக்கங்களைவிட இவர்களைப் பற்றி எழுதிய பக்கங்களில் அதிக உயிர் இருக்கிறது. அது தற்செயலாக நடந்ததல்ல என்பது பயணம் பாதி ஆனபோது அவருக்கே விளங்கியது.

பயணம் அந்தப் பாதியை எட்டும் முன் ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்கு அருகே கான்யர்ஸில், 1944-ல் தொடங்கப்பட்ட ஒரு டிராப்பிஸ்ட் மடத்தில் தங்கினார். மௌனமும் உழைப்பும் பிரார்த்தனையுமாக வாழும் கத்தோலிக்கத் துறவிகள் அவர்கள். அங்கே ஒரு துறவி அவரோடு உட்கார்ந்து பேசினார். அந்தத் துறவி முன்பு நியூயார்க்கில் போலீஸ்காரராக இருந்தவர். ஒரு மனிதன் எதற்காகத் துறவியாகிறான் என்று ஹீட்-மூன் துருவித் துருவிக் கேட்டார்.

அந்தச் சந்திப்பில் இரண்டு எதிரெதிர் வழிகள் முகத்துக்கு முகம் உட்கார்ந்திருந்தன. டிராப்பிஸ்ட் துறவிகள் பின்பற்றுவது 6-ம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த விதிகளை. அதில் ஒரு சபதம், சேர்ந்த மடத்தை விட்டு ஆயுள் முழுக்க நகர்வதில்லை என்பது. மடம் மடமாக 3 நாள், 4 நாள் தங்கிவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும் துறவிகளை பெனடிக்ட் மிகக் கடுமையாகச் சாடுகிறார். அவர்கள் தங்கள் மனம் போன போக்குக்கு அடிமைகள் என்பது அவர் தீர்ப்பு. இந்திய மரபிலோ பரிவிராஜகர், அதாவது அலையும் துறவி, ஓர் ஊரில் சில நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது. மழைக்காலத்துச் சாதுர்மாஸ்யத்துக்கு மட்டும் விலக்கு. சமணத் துறவிகள் இன்றும் கால்நடையாகவே போகிறார்கள். தங்கினால் பற்று வரும் என்பது இங்கே உள்ள அச்சம். அலைந்தால் தன்னிச்சை வளரும் என்பது அங்கே உள்ள அச்சம். விதிகள் நேர்மாறானவை. இரண்டு மரபும் அஞ்சுவது ஒன்றைத்தான்: 'நான், எனக்கு' என்பதை.

அப்படியானால் நிற்பதும் நடப்பதும் தம்மளவில் எதையும் தீர்மானிப்பதில்லை. ரமண மகரிஷி 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்தவர், 1950-ல் மறையும்வரை ஏறத்தாழ 54 ஆண்டுகள் அந்த மலையை விட்டு அகலவில்லை. தேடியவர்கள்தான் அவரைத் தேடி உலகின் மூலைமுடுக்கிலிருந்து வந்தார்கள்.

ஹீட்-மூன் ஓட்டிக்கொண்டே இருந்தார். அலபாமாவில் செல்மா நகரில் நிறுத்தினார். 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு ஊர்வலமாகப் போன கறுப்பின மக்களை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் போலீஸ் அடித்து நொறுக்கிய ஊர் அது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே வாக்குரிமைச் சட்டம் வந்தது. 13 ஆண்டுகள் கழித்து அங்கே போன ஹீட்-மூன், என்ன மாறியிருக்கிறது என்று வெள்ளையரிடமும் கேட்டார், கறுப்பின இளைஞர்களிடமும் கேட்டார். வெள்ளையர் பேச்சில் கசப்பு தெரிந்தது. பெரிதாக எதுவும் மாறவில்லை என்றார்கள் இளைஞர்கள். ஒரு வெளியூர் வெள்ளைக்காரர் அவர்களோடு உட்கார்ந்து பேசுவதை ரோந்து வந்த போலீஸ் கார் கவனித்துவிட்டுப் போனது. மனைவி பிரிந்த துயரத்தோடு அந்த ஊருக்குள் வந்தவருக்கு, தன் துயரத்தின் அளவு என்ன என்று தெரிந்த இடங்களில் அது ஒன்று.

யூட்டா மாநிலத்தில் ஒரு கல்லூரி உணவகத்தில், ஹோபி பழங்குடியைச் சேர்ந்த மாணவர் ஒருவரைச் சந்தித்தார். மருத்துவம் படிக்க விரும்பியவர். மனித இனம் மூன்று உலகங்களைக் கடந்து நான்காவதான இந்த உலகத்துக்கு வந்திருக்கிறது என்பது ஹோபிகளின் நம்பிக்கை என்று அவர் விளக்கினார். முந்தைய உலகங்களில் மனிதர்கள் சுகத்தில் மயங்கினார்கள், பொருளை வணங்கினார்கள், தங்கள் திட்டங்களிலேயே மூழ்கி வந்த வழியை மறந்தார்கள். நவீன மருத்துவம் படித்தால் பழங்குடி அடையாளம் போய்விடாதா என்ற திசையில் பேச்சு போனது. தன் மக்களுக்குப் பொறுப்பாக இருப்பதுதான் தனக்குப் பழங்குடியாக இருப்பது, அதற்கு எந்தக் கருவி சிறந்ததோ அதை எடுத்துக்கொள்வேன், பென்சிலினைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தால் என்ன என்ற பொருளில் அந்த மாணவர் பதில் சொன்னார். அடையாளம் தேடி அலைந்துகொண்டிருந்த 38 வயது ஆசிரியருக்கு, அது தனக்குள் தோண்டி எடுக்கும் பொருளல்ல, யாருக்குப் பொறுப்பாக இருக்கிறோம் என்பதில் உருவாவது என்று ஒரு மாணவர் சொல்லிவிட்டார்.

ஆரிகன் மாநிலத்தில் கொர்வாலிஸ் நகரில் மழை பிடித்துக்கொண்டது. வேனுக்குள் முடங்கிக் கிடந்தார். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று கூடத் தோன்றியது. அந்த மனநிலையில் பிளாக் எல்க்கின் சொற்கள் அவரைத் தாக்கின. மனிதருக்கு இரண்டு வழிகள் உண்டு என்கிறார் அந்த ஞானி. சிவப்பு வழி நல்ல வழி. மற்றது கறுப்பு அல்லது நீல வழி. மனம் சிதறி, புலன்கள் இழுத்த இழுப்புக்குப் போய், தன் மக்களுக்காக வாழாமல் தனக்காக வாழ்பவனின் வழி அது. ஆயிரக்கணக்கான மைல் நீலச் சாலைகளில் ஓட்டிவந்த மனிதர் திடுக்கிட்டுப் போனார். இத்தனை நாளும் தன்னைத் தேடுகிறேன் என்று தன்னையே சுற்றிக்கொண்டிருந்தோம் என்று அவருக்குப் பட்டது. இனி பார்வையை வெளியே திருப்புவது என்று முடிவு செய்துகொண்டு மறுபடியும் வண்டியைக் கிளப்பினார்.

இந்தக் கட்டம் வந்ததும் இந்திய வாசகருக்கு விவேகானந்தர் நினைவு வரும். 1886-ல் காசிப்பூர் தோட்டத்தில், சமாதியிலேயே நாள்கணக்கில் ஆழ்ந்திருக்க வேண்டும் என்று, பின்னாளில் விவேகானந்தரான இளைஞர் நரேந்திரர் குருவிடம் கேட்டார். ராமகிருஷ்ணர் அவரைக் கடிந்துகொண்டார். ஆயிரம் பேருக்கு நிழல் தரும் ஆலமரமாக இருப்பாய் என்று நினைத்தேன், நீ உன் முக்தியை மட்டுமா கேட்கிறாய் என்பது அவர் ஆதங்கம். குரு மறைந்த பிறகு அந்தச் சீடர் பரிவிராஜகராக வட இந்தியாவில் நடக்கத் தொடங்கினார். 1888-ல் பிருந்தாவனம் போகும் வழியில் ஒருவர் புகைபிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து சிலிமைக் கேட்டார். தான் துப்புரவுத் தொழில் செய்யும் சாதி என்று அந்த மனிதர் பின்வாங்கினார். துறவியின் கையும் தானாகப் பின்வாங்கியது. கொஞ்ச தூரம் நடந்தார். சாதியையும் குடும்பத்தையும் துறந்துவிட்டதாகச் சபதம் எடுத்தவனுக்கு இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று தன்னைக் கேட்டுக்கொண்டார். திரும்பி வந்தார், அந்த மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்தார், அதே சிலிமை வாங்கிப் புகைத்தார்.

வேதாந்தம் படித்தவர் அவர். எல்லாம் பிரம்மம் என்று வாதாடத் தெரிந்தவர். ஆனாலும் தனக்குள் சாதி எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மூடிய கண்களோடு செய்த தியானம் காட்டிக்கொடுக்கவில்லை. வழியோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தொழிலாளி காட்டிக்கொடுத்தார். தன்னை அறிவதும் சமூகத்தைப் பார்ப்பதும் இரண்டு தனி வேலைகள் என்று நினைப்பவர்கள் இந்த நிகழ்ச்சியை நின்று யோசிக்க வேண்டும். சமூகம் நமக்கு வெளியே மட்டும் இல்லை. நம் அருவருப்பிலும் பயத்திலும் கூச்சத்திலும் அது குடியிருக்கிறது. அங்கே அது இருப்பது தெரியவேண்டுமானால், எதிரே இன்னொரு மனிதர் வந்தாக வேண்டும்.

1892 டிசம்பரில் நடை அவரைக் கன்னியாகுமரிக்குக் கொண்டுவந்தது. அங்கே பாறையில் உட்கார்ந்து தனக்குத் தோன்றியது என்ன என்பதை, 1894-ல் சிகாகோவிலிருந்து சகோதரத் துறவி ராமகிருஷ்ணானந்தருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். இத்தனை சன்னியாசிகள் ஊர் ஊராக அலைந்து பசித்த மக்களுக்குத் தத்துவம் போதிப்பது பைத்தியக்காரத்தனம். அவர்களுக்குக் கல்வியையும் வாழ வழியையும் கொண்டுபோக வேண்டும். இதுதான் அதன் சாரம். அந்தக் கடிதத்தைப் பெற்ற ராமகிருஷ்ணானந்தர்தான் 1897-ல் சென்னைக்கு வந்து மடத்தைத் தொடங்கியவர்.

வழியில் எதிர்ப்படும் மனிதர் நமக்கு நம்மைக் காட்டுவார் என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. 1960-ல், 58 வயதில், நாவலாசிரியர் ஜான் ஸ்டெய்ன்பெக் தன் நாட்டை மறுபடியும் அறிந்துகொள்வதற்காக ஒரு வண்டியில், சார்லி என்ற பூடில் நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார். நியூ ஆர்லியன்ஸில், வெள்ளையர் பள்ளியில் சேர்ந்த 6 வயதுக் கறுப்பினச் சிறுமியைப் பார்த்துத் தினமும் காலையில் கூடி வசைபாடிய பெண்களை அவர் வர்ணித்த பக்கங்கள் இன்றும் நெஞ்சை அறுக்கின்றன. ஆனால் 2010-ல் அதே பாதையில் போன பத்திரிகையாளர் பில் ஸ்டைகர்வால்ட், ஸ்டெய்ன்பெக் எழுதியபடி பல இரவுகள் தனியே வண்டியில் தங்கவில்லை, மனைவியோடும் நல்ல விடுதிகளிலும் இருந்தார், வழியில் சந்தித்ததாக எழுதிய சிலர் கற்பனையாக இருக்கலாம் என்று காட்டினார். அந்தப் பயண நூலின் 2012 பதிப்புக்கு எழுதப்பட்ட முன்னுரை, அதை நாவலாசிரியர் ஒருவரின் ஆக்கமாகவே படிக்கும்படி சொல்லிவிட்டது. பயணி, பார்த்த மனிதரின் இடத்தில் தான் எழுதிய மனிதரை உட்கார வைத்துவிட்டால், அங்கே பேசுவது மறுபடியும் அவர் குரல்தான். தன்னை அசைக்கக்கூடிய அந்த இன்னொருவர் அங்கே இல்லை.

ஹீட்-மூன் இதைத் தவிர்க்கப் பாடுபட்டார். டேப் ரெக்கார்டர் வைத்திருந்தார், சந்தித்தவர்களைப் படம் எடுத்தார், அவர்களைப் பக்கக்கணக்கில் அவர்கள் மொழியிலேயே பேசவிட்டார். மேரிலாந்தின் ஸ்மித் தீவில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் இந்தச் சின்னத் தீவு வாழ்க்கையில் மிகக் கடினமானது எது என்ற பேச்சு வந்தது. வித்தியாசமாக வாழும் துணிச்சல் தனக்கு வேண்டும், மற்றவர்களையும் அவரவர் விருப்பப்படி வாழவிடும் அறிவும் வேண்டும், அதைவிடக் கடினம் எதுவும் இல்லை என்று அந்த அம்மாள் சொன்னார். பயணத்தின் தொடக்கத்தில் இருந்த ஹீட்-மூன் இந்த இடத்தில் தன் திருமணத்தை நினைத்துப் புலம்பியிருக்கக்கூடும். இப்போது அவரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது, அதை மழுப்பக்கூடாது. பயணி எத்தனை கனிவோடு கேட்டாலும் மறுநாள் காலையில் போய்விடுகிறார். செல்மா இளைஞர்கள் அதே போலீஸ் காரோடு அங்கேயே இருக்கவேண்டும். நேம்லெஸ் கடைக்காரர்கள் காலியாகிவரும் அலமாரிகளோடு இருக்கவேண்டும். நாளைக்கு இங்கே இருக்கப்போவதில்லை என்று தெரிந்தால் யாரிடமும் அன்பாக இருந்துவிடலாம். பெனடிக்ட் அலையும் துறவிகளைச் சாடியதில் இந்த நியாயமும் அடங்கியிருக்கிறது. ஓரிடத்தில் தங்குபவர், தான் பார்த்ததற்குப் பொறுப்பேற்றாக வேண்டியிருக்கிறது.

ஹீட்-மூனின் அடுத்த பெரிய புத்தகம் 'ப்ரேரிஎர்த்', 1991-ல் வந்தது. இம்முறை அவர் நாட்டைச் சுற்றவில்லை. கன்சாஸ் மாநிலத்தில் அப்போது சுமார் 3000 பேர் வாழ்ந்த சேஸ் என்ற ஒரே ஒரு கவுன்டியை எடுத்துக்கொண்டார். ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அங்கே போய், பெரும்பாலும் நடந்தே சுற்றி, அதன் புல்வெளியையும் கற்களையும் குடும்பங்களையும் கேட்டறிந்து 600 பக்கங்களுக்கு மேல் எழுதினார்.